மஞ்சள் கோடு சொல்வதும் சொல்லாததும்: எச்டிஎம்எல் படிவங்களும் எடிட்டர் எச்சரிக்கைகளும்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற ஊரில் ஒரு நண்டு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கரை சேரும் படகுகளிடம் சரக்கு எடுத்து, எந்தப் படகு, எத்தனை கிலோ, என்ன தேதி என்று இத்தனை நாள் நோட்டில் எழுதிவந்தார்கள். இப்போது செல்போனிலேயே பதிய ஒரு படிவம் வேண்டும் என்கிறார்கள். வீட்டிலேயே கணினி படித்த பெண் இருக்கிறார், அவரே உட்கார்ந்து எழுதுகிறார். பெயர், ஊர், போன் நம்பர், படகுப் பதிவு எண், எடை, தேதி. ஆறே கட்டங்கள். நிரல் எழுதும் எடிட்டரில் ஒன்பது மஞ்சள் எச்சரிக்கைக் கோடுகள்.

ஒவ்வொரு கோட்டின் மேலும் மவுஸை வைத்துப் படித்து, எடிட்டர் கேட்டதையெல்லாம் செய்து, கடைசிக் கோடும் மறைந்த பிறகு படிவத்தைக் கரைக்கு அனுப்புகிறார். முதல் நாளே மூன்று புகார். இரண்டரைக் கிலோ நண்டை ஏற்கமாட்டேன் என்கிறது. ஊர்ப் பெயரில் தங்கச்சிமடம் என்று தட்டினால் 'தங்கச்சிமட' என்பதோடு நின்றுவிடுகிறது. படகு எண் கட்டத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டாலும் சரி என்று வாங்கிக்கொள்கிறது.

ஒன்பது கோடுகளில் ஒன்றுகூட இந்த மூன்றைப் பற்றிப் பேசவில்லை. பேசிய ஒன்பதில் பெரும்பாலானவை உண்மையான பிழைக்குத் தவறான மருந்தைக் காட்டின. கற்பனைப் படிவம்தான், ஆனால் படிவம் எழுதிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. ஏன் இப்படி ஆகிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

அட்ரிபியூட் என்றால் என்ன?

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்-இல் படிவத்தின் கட்டம் பெரும்பாலும் ஒரு இன்புட் டேக், அதாவது குறிச்சொல். அந்த டேக்கிற்குள் எழுதும் குறிப்புகள்தான் அட்ரிபியூட்கள். மீன் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு மாதிரி: உள்ளே என்ன இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கலாம், கட்டாயமா இல்லையா என்பதையெல்லாம் அதுதான் பிரவுசருக்குச் சொல்கிறது.

இவற்றில் தலையாயது டைப், அதாவது கட்டத்தின் வகை. டெக்ஸ்ட், நம்பர், டெல், ஈமெயில், டேட், செக்பாக்ஸ் என்று இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. டைப்பை எழுதாமல் விட்டாலும், எங்கும் இல்லாத ஒரு சொல்லை எழுதினாலும், பிரவுசர் அதை டெக்ஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளும். சண்டை போடாது.

மற்ற அட்ரிபியூட்கள் செல்லுமா செல்லாதா என்பது டைப்பைப் பொறுத்தது. பல எச்சரிக்கைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1. பேட்டர்ன் (எழுத்துகள் வர வேண்டிய வடிவம்), மேக்ஸ்லென்த் (அதிகபட்ச நீளம்), மின்லென்த் (குறைந்தபட்ச நீளம்) ஆகியவை எழுத்தாக உள்ளிடும் கட்டங்களுக்கு மட்டும்: டெக்ஸ்ட், சர்ச், யூஆர்எல், டெல், ஈமெயில், பாஸ்வேர்ட். நம்பர் கட்டத்தில் மேக்ஸ்லென்த் 10 என்று எழுதினால் பிரவுசர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.
2. மின் (குறைந்தபட்ச மதிப்பு), மேக்ஸ் (அதிகபட்ச மதிப்பு), ஸ்டெப் (மதிப்பு ஏறும் படி) ஆகியவை எண், ரேஞ்ச், தேதி, நேரம் தொடர்பான கட்டங்களுக்கு.
3. பிளேஸ்ஹோல்டர் (வெற்றுக் கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு), மேலே சொன்ன எழுத்துக் கட்டங்களுக்கும் நம்பருக்கும் செல்லும். தேதிக் கட்டத்திற்குச் செல்லாது.
4. ரிக்வயர்டு (கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பது) பெரும்பாலானவற்றுக்குச் செல்லும். மறைந்த கட்டம், ரேஞ்ச், கலர், பட்டன் வகைகளுக்கு இல்லை.

இந்தப் பட்டியலைத் தீர்மானிப்பது வாட்விஜி என்ற அமைப்பு பராமரிக்கும் எச்டிஎம்எல் தரநிலை. பதிப்பு எண் போட்டு அச்சடித்து மூடிவைத்த புத்தகம் இல்லை அது, நாள்தோறும் திருத்தப்படும் ஆவணம். 2014இல் எச்டிஎம்எல்5 என்று ஒரு பதிப்பை வெளியிட்ட டபிள்யு3சி அமைப்பும் 2019இல் இந்த ஒரே ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. தரநிலை நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இது மறுபடி வரும்.

கோடு போடுவது யார்?

'எடிட்டர் திட்டுகிறது' என்பது பேச்சுவழக்கு. உண்மையில் திட்டுவது பெரும்பாலும் எடிட்டர் இல்லை. விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரை எடுத்துக்கொண்டால், புதிதாக நிறுவிய நிலையில் எச்டிஎம்எல் அட்ரிபியூட்களை அது சரிபார்ப்பதே இல்லை. நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் என்ற துணைக் கருவிகள்தான் பேசுகின்றன. எடிட்டருக்கும் இப்படிப்பட்ட கருவிகளுக்கும் நடுவே செய்தி போய்வர 2016இல் மைக்ரோசாஃப்ட் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி கருவி கோப்பைப் படிக்கிறது, தன் கையில் இருக்கும் விதிகளோடு ஒப்பிடுகிறது, முரண் இருந்தால் இந்த வரி, இந்த எழுத்து என்று எடிட்டரிடம் சொல்கிறது. எடிட்டர் கோடு போடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தச் செய்தியோடு ஒரு எண்ணும் வரும்: 1 என்றால் பிழை, 2 எச்சரிக்கை, 3 தகவல், 4 சும்மா ஒரு குறிப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் இந்த எண்ணின் நிறங்கள்.

பாம்பன் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். அங்கே ஏறுவது எண் 1 என்றால் எங்கோ தொலைவில் ஒரு சலனம் என்று பொருள், எண் 10 என்றால் யாரும் கரையில்கூட நிற்கமாட்டார்கள். கூண்டைப் பார்த்தாலே எண்ணைத்தான் முதலில் கேட்போம். (எடிட்டரில் எண் தலைகீழ், 1தான் பெரியது.) கூண்டு எண்களில் 11 என்று ஒன்று உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதை அறிவிக்கும் கூண்டு அது. தரநிலையோடு தொடர்பு அறுந்த எக்ஸ்டென்ஷன்களுக்கும் இப்படி ஒரு கூண்டு இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அவை மற்ற எல்லாவற்றையும் போல அதே மஞ்சளில்தான் கோடு போடுகின்றன.

வழிதவறும் ஐந்து இடங்கள்

*1. விதிப்புத்தகம் பழையது*

இன்புட்மோட் என்ற அட்ரிபியூட்டைப் பாருங்கள். எழுத்துக் கட்டமாகவே வைத்துக்கொண்டு, செல்போனில் எண் விசைப்பலகையை மட்டும் வரவைக்க உதவுவது. குரோமில் 2018லும், ஐபோன் சஃபாரியில் 2019லும் வந்தது. ஆட்டோகேப்பிடலைஸ் இன்னும் வேடிக்கை: முதலில் ஆப்பிள் தன் போனுக்காக மட்டும் வைத்திருந்தது, பிறகு பொதுத் தரநிலைக்குள் வந்தது. இவை வருவதற்கு முன்பே தொகுத்த பட்டியலை வைத்திருக்கும் கருவி, 'இங்கே இந்த அட்ரிபியூட்டுக்கு அனுமதி இல்லை' என்று கோடு போடும். ஆட்டோகம்ப்ளீட்டில், ஓடிபியைத் தானாக நிரப்ப உதவும் ஒன்-டைம்-கோட் என்ற மதிப்புக்கும் இதே கதிதான்.

அதற்கும் முந்தைய மிச்சம் ஒன்று உண்டு. 2000இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல்-இல் மதிப்பு இல்லாமல் அட்ரிபியூட் எழுதக் கூடாது, செக்டு என்பதற்கே மறுபடி செக்டு என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். இப்போதைய எச்டிஎம்எல்-இல் ரிக்வயர்டு என்ற ஒற்றைச் சொல் போதும். கோப்பின் தலையில், எந்தப் பதிப்பு என்று சொல்லும் பழைய டாக்டைப் வரி ஒட்டிக்கொண்டிருந்தால், சில எடிட்டர்கள் இன்றைக்கும் அந்தப் பழைய சட்டத்தையே பேசும்.

*2. பார்ப்பது சமைக்காத கோப்பை*

பக்கத்தை உருவாக்கித் தரும் கருவி பிஎச்பி, ஜாங்கோ, வியூ, ஆங்குலர் எதுவானாலும் நாம் எழுதும் கோப்பு வேறு, பிரவுசருக்குப் போய்ச் சேரும் எச்டிஎம்எல் வேறு. இன்புட் டேக்கிற்குள் 'இந்த நிபந்தனை இருந்தால் ரிக்வயர்டு போடு' என்று எழுதிய டெம்ப்ளேட் வரியைக் கருவி எச்டிஎம்எல் என்று நினைத்துப் படித்துத் திகைக்கிறது. மாவைப் பார்த்துவிட்டு இட்லி வேகவில்லை என்று சொல்வது போல. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இது எதிர்ப்பக்கமாக நடக்கும்: எச்டிஎம்எல் பாடத்தில் படித்த சிற்றெழுத்து மேக்ஸ்லென்த் அங்கே தவறு, நடு எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டும். அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அதைப் பார்த்து சாதாரண எச்டிஎம்எல் கோப்பிலும் அப்படித்தான் எழுத வேண்டும் போல என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

*3. 'ஏதாவது ஒன்று' என்பது 'எல்லாம்' ஆகிவிடுகிறது*

ஒன்பது கோடுகளில் ஆறு இதுதான், கட்டத்துக்கு ஒன்று. 'படிவ உறுப்புகளுக்கு லேபிள் வேண்டும்: இதில் டைட்டில் அட்ரிபியூட் இல்லை, பிளேஸ்ஹோல்டர் அட்ரிபியூட் இல்லை.' மைக்ரோசாஃப்ட் எட்ஜ் டூல்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டிருப்பவர்கள் இந்த வாசகத்தைப் பலமுறை பார்த்திருப்பார்கள். அதற்குள் வெப்ஹின்ட் என்ற கருவியும், அதற்குள் ஆக்ஸ் என்ற அணுகல்தன்மைச் சோதனையும் இருக்கின்றன.

ஆக்ஸ் கேட்பது நியாயமான கேள்வி. கண் தெரியாதவர் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்கும்போது, 'எழுதும் கட்டம்' என்று மட்டும் ஒலித்தால் அதில் எதை எழுதுவது? அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் கொடுக்கப் பல வழிகள்: லேபிள் டேக்கிற்குள் இன்புட்டை வைக்கலாம், லேபிளின் ஃபார் அட்ரிபியூட்டை இன்புட்டின் ஐடியோடு பொருத்தலாம், ஏரியா-லேபிள் எழுதலாம், டைட்டில் எழுதலாம், பிளேஸ்ஹோல்டர் எழுதலாம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்பதுதான் சோதனையின் முழு வாசகம். எடிட்டரின் குறுகிய பெட்டியில் வந்து சேரும்போது பட்டியலின் கடைசி இரண்டு மட்டும் மிஞ்சுகின்றன. படிப்பவர் என்ன நினைப்பார்? டைட்டிலும் வேண்டும், பிளேஸ்ஹோல்டரும் வேண்டும் என்றுதான்.

நம் கம்பெனிப் பெண்ணும் அதைத்தான் செய்தார். 'எடை' என்று பக்கத்தில் வெறும் எழுத்தாக அச்சடித்திருந்தார், லேபிள் டேக் இல்லை. கோடு வந்ததும் டைட்டில் சேர்த்தார், பிளேஸ்ஹோல்டரும் சேர்த்தார். கோடு போய்விட்டது. ஆனால் டைட்டில் என்பது மவுஸை மேலே நிறுத்தினால் மட்டும் தெரியும் சிறு குறிப்பு, செல்போனில் மவுஸுக்கு எங்கே போவது? பிளேஸ்ஹோல்டர் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும், ஒரு எழுத்துத் தட்டியதும் மறையும். படகுத்துறையில் வெயிலில் நின்றுகொண்டு, ஈரக் கையோடு போனைப் பிடித்திருப்பவருக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். லேபிள் டேக் போட்டிருந்தால் அந்தச் சொல்லைத் தொட்டாலே கர்சர் கட்டத்துக்குள் போய் நிற்கும். சின்னக் கட்டத்தைத் துல்லியமாகத் தொட முடியாத விரல்களுக்கு அது பெரிய உபகாரம்.

இங்கே எச்சரிக்கை பொய் சொல்லவில்லை. பிழை உண்மையாகவே இருந்தது. காட்டிய மருந்துதான் வேறு. ஐந்து வகை எச்சரிக்கைகளிலும் அதிகம் தொல்லை தருவது இதுதான் என்பேன். பொய் எச்சரிக்கையைக் கண்டுபிடித்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இது உண்மையான பிழையைக் காட்டி, அதை மூடிமறைக்கும் வழியையும் சொல்லிக்கொடுக்கிறது.

ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் 'இணைந்த லேபிள் இல்லை' என்று இதற்கு ஓர் உறவுக்கார எச்சரிக்கை உண்டு. லேபிளை வேறொரு காம்போனென்ட் கோப்பில் வைத்திருந்தால், அது இருப்பதே இந்தக் கோப்பைப் பார்க்கும் கருவிக்குத் தெரியாது, கோடு போட்டுவிடும். அது பொய் எச்சரிக்கை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

*4. ஏதோ ஒரு பிரவுசருக்காக எல்லோரையும் எச்சரிப்பது*

டேட் வகைக் கட்டத்தை டபிள்யு3சி-யின் வேலிடேட்டர் என்ற சரிபார்ப்புக் கருவியில் சோதித்தால், 'இந்த வகை எல்லா பிரவுசர்களிலும் ஆதரிக்கப்படவில்லை, சோதித்துப் பார்க்கவும்' என்று பல ஆண்டுகளாகவே ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. எழுதிய காலத்தில் அது உண்மை. இன்றைக்கு முக்கியமான பிரவுசர்கள் எல்லாம் தேதிக் கட்டத்தைக் காட்டுகின்றன. அதே சமயம் மந்த் வகை வேறு கதை: கணினி ஃபயர்ஃபாக்ஸிலும் கணினி சஃபாரியிலும் அதற்கு நாட்காட்டி இல்லாமலே காலம் ஓடியது, வெறும் எழுத்துக் கட்டமாகத்தான் தெரியும். ஒரே மாதிரி வாசகம், ஒன்று காலாவதியானது, மற்றொன்று பொருட்படுத்த வேண்டியது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படிவத்தை யார், எதில் திறக்கப்போகிறார்கள்? ஆண்ட்ராய்டு போனில் குரோம் வைத்துப் பதியும் கம்பெனிக்கு, கணினி சஃபாரி பற்றிய கோடு கச்சத்தீவுக்கு அந்தப்பக்கம் பெய்யும் மழை.

*5. பேட்டர்ன்: எடிட்டர் ஒன்று சொல்லும், பிரவுசர் வேறொன்று செய்யும்*

ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகளின் பக்கவாட்டில் பதிவு எண் பெரிதாக எழுதியிருக்கும்: ஐஎன்டி, டிஎன், 10, எம்எம், அப்புறம் படகின் எண், நடுநடுவே சிறுகோடு. இதைச் சரிபார்க்கப் பேட்டர்ன் அட்ரிபியூட் பொருத்தமானது. எந்த எழுத்து எந்த வரிசையில் வரலாம் என்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற சுருக்க மொழியில் அதற்குள் எழுதுவோம்.

சோம்பல்பட்டு எளிதாக எழுதினால், சதுர அடைப்புக்குள் பெரிய எழுத்துகள், எண்கள், கடைசியில் ஒரு சிறுகோடு. 'இவற்றில் எது வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும்' என்று பொருள். பல ஆண்டுகள் இது ஓடியது. 2023இல் தரநிலை மாறியது. பேட்டர்னை இனி 'வி' என்ற புதிய முறையில் படிக்க வேண்டும் என்றார்கள், பிரவுசர்களும் அதே ஆண்டில் மாறின. இந்த முறையில் சதுர அடைப்புக்குள் வெறும் சிறுகோட்டைக் கடைசியில் விடக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு, அதாவது பேக்ஸ்லாஷ், போட வேண்டும்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் வில்லங்கம். படிவம் உடையாது. பயனருக்குச் செய்தி வராது. பேட்டர்ன் செல்லாது என்று கன்சோலில், அதாவது நிரல் எழுதுபவர் மட்டும் திறந்து பார்க்கும் செய்திப் பலகத்தில், ஒரு வரி எழுதிவிட்டு, பிரவுசர் அந்தச் சோதனையையே விட்டுவிடும். எந்தக் குப்பையைப் போட்டாலும் கட்டம் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது புகார் இதுதான்.

எடிட்டர் இதில் செய்த பங்கு என்ன? அதே சோதனையை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலும் நம் பெண் எழுதியிருந்தார், சிறுகோட்டுக்கு முன் சாய்கோடு போட்டே எழுதியிருந்தார். ஈஎஸ்லின்ட் என்ற கருவி 'தேவையற்ற சாய்கோடு' என்று கோடு போட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய முறைக்கு அது முழு உண்மை, அங்கே கடைசிச் சிறுகோட்டுக்குச் சாய்கோடு வேண்டாம். எடுத்துவிட்டார். திருத்திய வரியை அப்படியே நகலெடுத்து எச்டிஎம்எல் பேட்டர்னிலும் ஒட்டினார். அங்கே அதே எழுத்துகளுக்குச் சட்டம் வேறு.

இன்னொரு சுளுக்கும் இருக்கிறது. சதுர அடைப்புக்கு வெளியே வரும் சிறுகோட்டுக்குச் சாய்கோடு போட்டால் அதுவும் செல்லாது, பேட்டர்ன் முழுவதும் கைவிடப்படும். உள்ளே போட வேண்டும், வெளியே போடக் கூடாது. படகு எண்ணுக்கு நல்ல வழி, சதுர அடைப்புக்குள் சிறுகோட்டைக் கொண்டுவராமலே, ஐஎன்டி, சிறுகோடு, டிஎன், சிறுகோடு என்று வரிசையாக எழுதி, மாறக்கூடிய எண்களுக்கு மட்டும் அடைப்பு வைப்பது. சோதனையும் இறுக்கமாக இருக்கும், வெறும் சிறுகோடுகளாகத் தட்டி ஏமாற்றவும் முடியாது.

கோடே வராத தவறுகள்

மீதி இரண்டு புகார்களுக்கு வருவோம்.

தங்கச்சிமடம் ஏன் அறுந்தது? ஊர்க் கட்டத்துக்கு மேக்ஸ்லென்த் 10 என்று வைத்திருந்தார். நாம் எண்ணினால் த, ங், க, ச், சி, ம, ட, ம் என்று எட்டு எழுத்து. பிரவுசர் எண்ணுவது நம் எழுத்தை இல்லை, கணினி சேமிக்கும் குறியீட்டு அலகுகளை. 'ங்' என்பது ங ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. 'சி' என்பதும் ச ஒன்று, இகரக் குறி ஒன்று. அப்படி எண்ணினால் தங்கச்சிமடம் பன்னிரண்டு. பத்தாவது அலகோடு நிறுத்தினால் 'தங்கச்சிமட'. மண்டபம் ஏழு, பாம்பனும் ஏழு, ராமேஸ்வரம் சரியாகப் பத்து. இந்த மூன்று ஊரையும் தட்டிப் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று அனுப்பியதில் தப்பு சொல்ல முடியாது. எந்த எடிட்டரும் இதற்குக் கோடு போடப்போவதில்லை. மேக்ஸ்லென்த்துக்கு 10 என்பது முழுக்கச் செல்லுபடியான மதிப்பு. தமிழில் பெயர், ஊர் வாங்கும் கட்டங்களுக்கு நாம் எண்ணும் எழுத்தைப் போல இரண்டு மடங்காவது இடம் விடுங்கள். இல்லை, மேக்ஸ்லென்த்தே வேண்டாம்.

இரண்டரைக் கிலோ ஏன் மறுக்கப்பட்டது? நம்பர் கட்டத்துக்கு ஸ்டெப் எழுதாவிட்டால் அது 1 என்று எடுத்துக்கொள்ளப்படும். அதனால் 2.5 தவறான மதிப்பு. '2 அல்லது 3 போடுங்கள்' என்று குரோம் ஆலோசனை வேறு சொல்லும். நண்டு வியாபாரத்தில் அரைக் கிலோ என்ன விலை என்று அதற்குத் தெரியுமா? ஸ்டெப்பில் 0.05 என்றோ, எந்தப் பின்னமும் சரி என்பதற்கு எனி என்ற சொல்லையோ எழுதினால் தீர்ந்தது.

எண் என்றாலே நம்பர் டைப் போடுவதும் ஒரு பழக்கப் பிழை. எடை எண். போன் நம்பர் பெயரில்தான் நம்பர், அதைக் கூட்டவும் பெருக்கவும் யாரும் போவதில்லை. போனுக்கு டெல் வகை. பின்கோடு, ஆதார் போன்றவற்றுக்கு டெக்ஸ்ட் வகையோடு இன்புட்மோட் நியூமெரிக். பிரிட்டன் அரசின் படிவ வடிவமைப்புக் குழுவும் 2020இல் நம்பர் வகையைக் கைவிட்டு இந்த வழிக்கு வந்தது. நம்பர் கட்டத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைக்கூடத் தட்டலாம், அறிவியல் முறை எண்ணுக்காக அனுமதித்தது அது.

இன்னும் சில, சுருக்கமாக:

1. ரிக்வயர்டு அட்ரிபியூட்டுக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்தாலும் கட்டம் கட்டாயமாகவே இருக்கும். சொல் இருந்தாலே போதும், மதிப்பை யாரும் படிப்பதில்லை. வேண்டாம் என்றால் சொல்லையே எடுக்க வேண்டும்.
2. தேதிக் கட்டத்தின் மின், மேக்ஸ் மதிப்புகளை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கு முந்தைய நாளோடு பதிவை நிறுத்த மேக்ஸ் வைப்பவர், நம் வழக்கப்படி நாள்-மாதம்-ஆண்டு என்று எழுதினால் பிரவுசர் அப்படி ஒரு வரம்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.
3. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் வைத்து மறைத்த கட்டத்தில் ரிக்வயர்டு மிச்சம் இருந்தால், அனுப்பு பட்டனை அழுத்தும்போது ஒன்றுமே நடக்காது. காட்ட முடியாத கட்டத்தைக் காட்டிப் பிழை சொல்ல முடியாமல் பிரவுசர் நின்றுவிடும். கன்சோலைத் திறந்தால்தான் காரணம் தெரியும்.

இவற்றில் முதல் இரண்டை டபிள்யு3சி வேலிடேட்டர் பிடித்துவிடும். மூன்றாவதை ஓடும் பக்கத்தில்தான் பார்க்க முடியும்.

அப்படியானால் கோடு வந்தால் என்ன செய்வது?

1. முதலில் பேசுவது யார் என்று பாருங்கள். கோட்டின் மேல் மவுஸை வைத்தால் வாசகத்தின் ஓரத்தில் கருவியின் பெயரும் விதியின் பெயரும் இருக்கும். 'எடிட்டர் சொல்கிறது' என்பது 'ஆக்ஸின் லேபிள் விதி சொல்கிறது' என்று மாறியதுமே பாதிக் குழப்பம் போய்விடும்.
2. அந்த அட்ரிபியூட் இந்த டைப்புக்குச் செல்லுமா என்று தரநிலையின் பட்டியலிலோ எம்டிஎன் என்ற இணைய ஆவணத் தளத்திலோ பாருங்கள். செல்லும் என்றால் கருவியின் விதிகள் பழையவை, எக்ஸ்டென்ஷனைப் புதுப்பியுங்கள்.
3. கருவி நீட்டும் உடனடித் திருத்தத்தை அழுத்துவதற்கு முன், அது பிழையைத் தீர்க்கிறதா, கோட்டை மட்டும் போக்குகிறதா என்று கேளுங்கள். லேபிள் இல்லாத கட்டத்துக்கு லேபிள் டேக்தான் மருந்து.
4. படிவத்தைப் பிரவுசரில் திறந்து, கன்சோலையும் திறந்து வைத்து, வேண்டுமென்றே தவறாக நிரப்பிப் பாருங்கள். தவறான படகு எண்ணை வாங்கிக்கொண்டால் பேட்டர்ன் செத்துக்கிடக்கிறது என்று அர்த்தம்.
5. பிரவுசரின் சோதனை பயனருக்கு வசதி மட்டும். அதைத் தாண்டி எவரும் சர்வருக்கு எதையும் அனுப்பலாம், ஆகவே அதே சோதனை சர்வரிலும் இருக்க வேண்டும்.

பொய் எச்சரிக்கை என்று உறுதியானால் அதை அணைப்பதில் குற்றமில்லை. ஆனால் விதியையே மொத்தமாக அணைக்காமல், எங்கே தொல்லையோ அந்த வரிக்கு மட்டும் அணையுங்கள், கருவி அதற்கு இடம் கொடுத்தால். பக்கத்தில் ஒரு கமென்ட்டில் காரணத்தையும் தேதியையும் எழுதிவையுங்கள்: 'லேபிள் வேறு கோப்பில் இருக்கிறது' என்ற மூன்று நான்கு சொல் போதும். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர், மறுபடியும் ஒரு பிளேஸ்ஹோல்டரைக் கொண்டுவந்து ஒட்டமாட்டார்.